எளிமையா வாழப்போறீங்களா, முதல்ல பிரிட்ஜைத் திறவுங்கோ

தவக்காலம் வந்தா எளிமையா வாழோணும் எண்டு எல்லாரும் சொல்லுவம், நானும் சொல்லியிருக்கிறன், பிறகு ஈஸ்டர் முடிஞ்ச கையோட புறக்கோட்டைக்குப் போய் ரெண்டு கையிலயும் பேக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்குறது. அதால இதைப் பிரசங்கமா எடுக்காதேங்கோ. கொழும்பு கொட்டாஞ்சேனையில ரெண்டு ரூம் பிளட்டில இருந்துகொண்டு நாங்கள் செய்து பாத்ததில சரிவந்ததும் சறுக்கினதும்தான் கீழ இருக்கு.

தொடங்கேக்க ஒண்டும் வாங்காதேங்கோ. மூங்கில் பிரஷ், கண்ணாடிப் போத்தல், துணி பேக் செட் எண்டு எளிமைக்கே ஒரு ஷொப்பிங் லிஸ்ட் போடுற ஆக்கள் இருக்கினம், நானும் ஒருக்கா போட்டனான், அந்த மூங்கில் பிரஷ் பூஞ்சணம் பிடிச்சுக் குப்பைக்குப் போனதுதான் மிச்சம். வீட்டில கிடக்கிற பிளாஸ்டிக் டப்பாவை உடையுமட்டும் பாவியுங்கோ, அது போதும்.

இப்ப பிரிட்ஜ். மேல் தட்டில நேற்றையான் பருப்பு, அதுக்குப் பின்னால முந்தநாள் மீன் குழம்பு, கீழ ட்ரோயருக்குள்ள சிலிசிலி பேக்கோடயே (மெல்லிய பொலித்தீன் பேக்) கிடந்து வழவழத்துப்போன கத்தரிக்காய். எங்கட வீட்டில அப்பிடித்தான் இருந்தது. பைபிளில விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 16ஆம் அதிகாரத்தை அதுக்குப் பிறகுதான் எனக்கு ஒழுங்கா விளங்கிச்சு. வனாந்தரத்தில வானத்தில இருந்து மன்னா எண்ட சாப்பாடு விழேக்க, அண்டண்டைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கோ, விடியுமட்டும் வைக்காதேங்கோ எண்டு மோசே சொல்லுறார், சில பேர் கேக்காம வச்சினம், புழு வச்சு நாறிப்போச்சு. எங்கட கத்தரிக்காயும் அதேதான், என்ன, நாங்கள் அந்த நாத்தத்துக்குக் கரண்ட் பில்லும் கட்டுறம். ஆனா அதே அதிகாரத்தில ஓய்வுநாளுக்கு முதல் நாள் ரெண்டு பங்கு எடுக்கச் சொல்லியும் இருக்கு, அது பழுதாகவும் இல்லை, அதால ஊறுகாய் போட்டு வைக்கிறதையும் அரிசி மூட்டை வாங்குறதையும் பாவம் எண்டு ஆரும் வெருட்டினா காதில விழுத்தாதேங்கோ.

நாங்கள் செய்யிறது இதுதான். சந்தைக்குப் போறதுக்கு முதல் பிரிட்ஜைத் திறந்து உள்ள இருக்கிறதை ஒரு துண்டில எழுதுறது. மரக்கறி மூண்டு நாளுக்கு மேல வாங்குறேல்லை, கீழ இறங்கினா கடைதானே, பிறகென்னத்துக்கு வீட்டுக்குள்ள ஒரு கடை. புதன்கிழமை புதுக்கறி இல்லை, கிடக்கிறதைச் சுடவச்சுச் சாப்பிடுறது, முதல் ரெண்டு கிழமையும் பிள்ளைகள் மூஞ்சையை நீட்டினதுகள், இப்ப புதன் எண்டா பருப்பு ரொட்டி எண்டு அதுகளே கேக்குதுகள். (மிஞ்சின பருப்பைக் கோதுமை மாவோட போட்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிக் குழைச்சுத் தட்டுங்கோ, தண்ணி விடத் தேவையில்லை.) மிஞ்சின சோத்தைத் தண்ணி ஊத்தி வச்சா காலைமைக்குப் பழஞ்சோறு. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு குடுத்த பிறகும் யேசு, மிஞ்சின துண்டுகளைப் பொறுக்குங்கோ, ஒண்டும் வீணாகக்கூடாது எண்டுதான் சொன்னவர், 12 கூடை வந்தது. அப்பம் பெருகினதைச் சொல்லுற அளவுக்கு இந்தக் கூடையை நாங்கள் சொல்லுறேல்லை.

குப்பைக்கு வருவம். 2017 ஏப்ரல் 14, சித்திரை வருசப்பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில வந்தது. அண்டைக்குப் பின்னேரம் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிஞ்சு வீடுகளுக்கு மேல விழுந்து 30 பேருக்கு மேல செத்தவை. அது கொழும்புக் குப்பை, எங்கட வீட்டில இருந்து போனதும் அதுக்குள்ள இருந்திருக்கும். வருசாவருசம் பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில நிக்கேக்க எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். இப்ப கொழும்புக் குப்பையில ஒரு பங்கை கெரவலப்பிட்டியில எரிச்சுக் கரண்ட் எடுக்கினம், ஆனா ஈரச்சாப்பாடு கலந்தா அது லேசில எரியாது, அதால சாப்பாட்டுக் குப்பையை வீட்டிலயே நிப்பாட்டுறது ஒரு உருப்படியான வேலை.

பல்கனி இருந்தா காணும். ரெண்டு மண்சட்டி எடுத்து அடியில ஓட்டை போடுங்கோ, முதல்ல தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) ஒரு படை, மேல மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது, திரும்ப ஒரு பிடி தும்புத்தூள். ஒவ்வொரு முறையும் மூடத்தான் வேணும், நான் பஞ்சிப்பட்டு ரெண்டு நாள் மூடாம விட்டதில பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டிட்டா. மீன் முள்ளு, எலும்பு, எண்ணெய்க் கறி போடக்கூடாது. நாத்தம் வந்தா ஈரம் கூடிட்டுது எண்டு அர்த்தம், தும்புத்தூளைக் கூட்டுங்கோ. ஒரு சட்டி நிரம்பினா மற்றதுக்கு மாறுங்கோ, ரெண்டு மூண்டு மாசத்தில முதல் சட்டி மண் மாதிரி ஆகிடும்.

பேக்குக்குப் பெரிசா ஒண்டுமில்லை, 2025 நவம்பரில இருந்து கடையில சிலிசிலி பேக் சும்மா தரக்கூடாது எண்டு சட்டமே வந்திட்டுது. வாசல் கொளுக்கியில ஒரு துணி பேக்கைத் தொங்கவிடுங்கோ, பிரிட்ஜுக்கு மேல வச்சா மறந்திடும். சோத்துப் பார்சலுக்கு மூடியுள்ள டப்பாவைக் கொண்டுபோய்க் குடுங்கோ, முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரித்தான் பாப்பார், நாலாம் நாள் "தங்கச்சி, டப்பாவைத் தாங்கோ" எண்டு அவரே கையை நீட்டுவார், ஒரு கரண்டி கூட விழும்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலிலயும் இப்பிடிச் சின்ன விசயங்கள்தான் வருது, அளவாச் சமையுங்கோ, தேவையில்லாத லைட்டை நூருங்கோ எண்டு. ஹீட்டரைக் குறைச்சுத் தடிச்ச உடுப்புப் போடுறதைப் பற்றியும் இருக்கு, அதை வாசிச்சுப்போட்டு எங்கட பிளட்டில எல்லாரும் சிரிச்சது. எங்களுக்கு அது ஏசிதான். நாங்கள் இரவு ஒரு மணித்தியாலம் போட்டு நிப்பாட்டி பேன் போடுறம், 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமலும் இருந்தனாங்கள்தானே.

ஒண்டைச் சொல்லோணும். முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் தோட்டங்களில (நெருக்கமான சின்ன வீட்டுக் குடியிருப்புகள்) ஒரு அறைக்குள்ள ஆறு பேர் இருக்கிற வீட்டுக்குப் போய் எளிமையைப் பற்றிக் கதைக்காதேங்கோ, அது வெக்கம். இது அலுமாரிக் கதவு பூட்டுப்படாத எங்களுக்கு. மிச்சம் பிடிக்கிற காசும் பாங்கிலயே கிடந்தா அதுக்குப் பேர் கஞ்சத்தனம். நாங்கள் மாச முடிவில அதை ஒரு என்வலப்பில போட்டு, தெரிஞ்ச ஒரு பிள்ளையின்ர ரியூஷன் காசுக்குக் குடுக்கிறம்.

உடுப்பும் அப்பிடித்தான். நத்தாருக்குப் புது உடுப்பு எடுக்கோணும் எண்டா எடுங்கோ, பிள்ளைகளின்ர ஆசையில கை வைக்காதேங்கோ. ஆனா ஒண்டு உள்ள வந்தா ஒண்டு வெளிய போகோணும், போறதைத் தோய்ச்சு, ஸ்திரி போட்டு, பொத்தான் விழுந்திருந்தா தைச்சுக் குடுங்கோ. நான் போன வருசம் குடுக்க எண்டு மடிச்சு வச்ச சட்டையில ரெண்டு பொத்தான் இல்லை, அம்மாதான் கண்டு ஊசியையும் நூலையும் என்ர மடியில கொண்டுவந்து வச்சவா.