‘எப்படித் தெரியும்?’: ஊரை வைத்து வரலாறு கற்பிக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான பள்ளிக்கூடங்களின் படலையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஒரு மடமோ கேணியோ சுமைதாங்கியோ பழைய தேவாலயமோ எதிர்ப்படும். வரலாற்றுப் பாடத்துக்கு அதுவே போதும். பஸ் பிடித்து ஒரே நாளில் ஐந்து இடம் பார்த்தால் எந்த இடத்திலும் நின்று கேள்வி கேட்க நேரம் இராது. ஓர் இடம், ஒரு கேள்வி, ஐந்து பாடவேளை என்று திட்டமிடுங்கள்.

ஒத்துவராத இரண்டு கதைகளாவது புழங்கும் இடமாகப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். நல்லூர் மந்திரிமனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரசனின் மந்திரி இருந்த மனை என்பது ஊர்வழக்கு. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். இன்று நிற்கும் கட்டடத்தின் வளைவுகளிலும் தூண்களிலும் ஐரோப்பியப் பாணி கலந்திருக்கிறது. ஆகவே, “இந்தக் கட்டடம் அரசர் காலத்ததா?” என்று கேட்கலாம், பிள்ளைகள் போய்ப் பார்த்துத் தேடக்கூடிய கேள்வி அது. “கடைசி அரசன் சங்கிலியன் வீரனா?” என்று கேட்டால் வகுப்பு பட்டிமன்றமாகிவிடும், மந்திரிமனைக்குப் போகவேண்டிய தேவையே இராது.

உயர்வகுப்புக்கு நல்லூர்க் கோயிலை எடுக்கலாம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இன்றைய கோயிலின் தொடக்கம் 1734, ஒல்லாந்தர் ஆட்சிக்காலம். ஆனால் திருவிழாவில் சொல்லும் கட்டியத்தில், அதாவது போற்றியுரையில், புவனேகபாகுவின் பெயர் வருகிறது. அவர் தெற்கிலிருந்த கோட்டே இராச்சியத்தின் சார்பில் யாழ்ப்பாணத்தை ஆண்ட செண்பகப்பெருமாளா, அதற்கு முந்திய அரசனொருவனின் மந்திரியா என்பதில் ஆய்வாளர்களே வேறுபடுகிறார்கள். காதால் கேட்டுப் பழகிய வரியே கேள்வியாக மாறும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போகுமுன்

முதல் பாடவேளையில் கோடில்லாத ஏ4 தாளில் மூன்று நிரல் போடச் சொல்லுங்கள்: கண்டது, கேட்டது, நினைப்பது. இந்தத் தாள்தான் முழு வேலைக்கும் முதுகெலும்பு. வகுப்பறைச் சுவரையே பார்த்து ஒருமுறை பழக்குங்கள். பெரும்பாலோர் “இது பழைய சுவர்” என்று ‘கண்டது’ நிரலில் எழுதுவார்கள். “பழசு எண்டதைக் கண்ணால கண்டனீரோ, இல்லாட்டி பூச்சு உதிர்ந்திருக்கிறதைக் கண்டனீரோ?” என்று கேளுங்கள். பூச்சு உதிர்ந்தது முதல் நிரலுக்கு, பழசு என்பது மூன்றாம் நிரலுக்கு. இந்தப் பிரிப்புப் பிடிபடாமல் களத்துக்குப் போவதில் பயனில்லை. தேவையென்றால் இன்னொரு பாடவேளையும் எடுங்கள்.

அதிபரின் அனுமதி, வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவித்தல், பெற்றோரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை இரண்டு கிழமைக்கு முன்பே முடியுங்கள்.

களத்தில்

35 பிள்ளைகள் என்றால் ஐந்து பேராக ஏழு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அளவுநாடா, பென்சில், ஒரு கைப்பேசி. வெயில் ஏறுமுன், காலை எட்டு மணிக்கே அங்கே நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. விளக்கத்தோடு தொடங்கினால், ஆசிரியர் சொன்னதையே பிள்ளைகள் ‘கண்டது’ என்று எழுதிக் கொண்டுவருவார்கள்.

சுவரின் தடிப்பை அளக்க வேண்டும், ஒரு தூணையாவது கையால் வரைய வேண்டும். படம் எடுத்தவர் பார்க்காமலே வந்துவிடுவார். வரைந்தவர் பார்த்தே ஆகவேண்டும்.

கல்லைக் கவனிக்கப் பழக்குங்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். கருங்கல் இங்கே விளைவதில்லை. யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் சின்னச் சின்னத் துளைகளும் பூப்போன்ற கோலங்களும் தெரியும்: அது முருகைக்கல், கடல் தந்தது. அதே ஊரில் ஒரு வாசற்படியோ தூணோ கருங்கல்லாக இருந்தால், வன்னியிலிருந்தோ கடல் கடந்தோ அதை யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். யார், எதில் ஏற்றி, யாருடைய செலவில்? இடித்த கோயிலின் கற்களால்தான் கோட்டையைக் கட்டினார்கள் என்று பலர் சொல்வார்கள். அந்தக் கதை உண்மையென்றால் சுவரில் எந்தக் கல்லை, எந்த வடிவத்தில் எதிர்பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளே முன்கூட்டி எழுதட்டும். பிறகு தேடட்டும். கோட்டையின் வடிவமும் பாடம்தான்: போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணம், 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக்கினார்கள்.

அறிவிப்புப் பலகையையும் ஒரு சான்றாக வாசியுங்கள். யார் வைத்தது, எந்த ஆண்டு, மூன்று மொழியிலும் ஒரே செய்தியா? கந்தரோடையில் இது முக்கியம். அங்குள்ள சிறு தூபிகளைச் சிங்களத்தில் கதுறுகொட விகாரை என்கிறார்கள். பௌத்தம் என்றதும் சிங்களம் என்று முடிவுகட்டுவதும், தமிழ்மண் என்பதால் பௌத்தமே இல்லை என்பதும் ஒரே பிழை. தமிழர்களிடையே பௌத்தர் இருந்த காலத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

சுண்ணக்கட்டியால் எழுதுவது, ஓட்டுத்துண்டு பொறுக்குவது இரண்டும் கூடாது. தொல்பொருட் சட்டம் 1940 முதல் நடைமுறையில் உள்ளது. பலவீனமான சுவருக்குக் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

ஒரு குழு இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். ஒருவரின் சொல்லை மற்றவரின் சொல்லோடு ஒப்பிட அது தேவை. ஒருவருக்கு அரை மணிக்கு மேல் எடுக்காதீர்கள். பதிவுசெய்ய முதலில் சம்மதம் கேளுங்கள்.

“அந்தக் காலத்தில சாதி பார்த்தவையோ?” என்று கேட்டால் “அப்பிடி ஒண்டுமில்லை” என்ற பதில்தான் வரும். “உங்கட கிணத்தில ஆர் ஆர் தண்ணி அள்ளினவை அம்மம்மா? ஆருக்கு அள்ளி ஊத்தினனீங்கள்?” என்று கேட்டால் கிணறு, வாளி, ஆட்கள் எல்லாம் வரும். சாதியால் கோயிலுக்குள் விடப்படாதவர்களின் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968இல் ஏன் நடந்தது என்பது அதற்குப் பிறகு தானாக விளங்கும். எந்தப் பிள்ளையின் சாதியும் வகுப்பில் வெளிவராதபடி, பேட்டித் தாளில் பெயரும் குறிச்சியும் இல்லாமல் வாங்குங்கள்.

இடப்பெயர்வு, போர் பற்றிப் பெரியவரே தொடங்கினால் மட்டும் கேட்கலாம். அழத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு அவரோடு இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவை எடுத்தால், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றியதை மறைக்காதீர்கள். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981ஐ நாம் எவ்வளவு நேராகச் சொல்கிறோமோ அவ்வளவு நேராகச் சொல்லுங்கள்.

எழுதுவதும் புள்ளியும்

கடைசி இரண்டு பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: கேள்வி, மூன்று சான்று, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, இப்போதைய முடிவு. 20 புள்ளியில் கவனிப்புக்கு 5, சான்றுகளுக்கு 5, நியாயம் காட்டுவதற்கு 8, மொழிக்கு 2. “தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை” என்று காரணத்தோடு எழுதினாலும் முழுப் புள்ளி கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லோரும் ஆசிரியருக்குப் பிடித்த முடிவையே எழுதுவார்கள்.

தாள்களைத் திகதியிட்டுப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பு, முந்தியவர்கள் விட்டுவைத்த கேள்வியிலிருந்து தொடங்கலாம்.