மாநில பர்மிட்டில் எக்ஸ்கவேட்டர் ஏற்றிப் போவது எப்படி? அமெரிக்காவில் லோபாய் (தாழ்தள டிரெய்லர்) ஓட்டத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகளில் பர்மிட் இல்லாமல் போகக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம். மொத்த எடை 80,000 பவுண்டு. உயர வரம்பை அந்தந்த மாநிலமே வைத்திருக்கிறது. டெக்சஸில் 14 அடி, கிழக்குப் பக்க மாநிலங்கள் பலவற்றில் 13 அடி 6 அங்குலம். இதில் எதைத் தாண்டினாலும், வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்திடமும் தனித்தனியாக பர்மிட் வாங்க வேண்டும்.

50,000 பவுண்டு எடையும் 10 அடி 6 அங்குல அகலமும் உள்ள எக்ஸ்கவேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிராக்டரும் (டிரெய்லரை இழுக்கும் லாரி) மூன்று ஆக்சில் லோபாயும் சேர்ந்து 40,000 பவுண்டு என்றால், அகலம், எடை இரண்டிலும் வரம்பு மீறுகிறது.

1. பிரிக்க முடியாத சரக்குதானா?
எடைக்கான பர்மிட் பொதுவாகப் பிரிக்க முடியாத சரக்குக்குத்தான். உரிய கருவிகளோடு பிரித்தாலும் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை பிடிக்கும் என்பது அதற்கான அளவுகோல்களில் ஒன்று. எக்ஸ்கவேட்டர் இதில் தேறிவிடும். கூடவே ஓர் உபரி பக்கெட்டை டெக்கில் போட்டுக்கொண்டால் அது தனிச் சரக்கு. அனுமதி உண்டா என்று ஒவ்வொரு மாநிலத்திலும் முன்கூட்டியே கேளுங்கள்.

2. ஏற்றிய பிறகு அளந்து பாருங்கள்
கம்பெனி கையேட்டில் உள்ள அளவை அப்படியே எழுதிக் கொடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ட்ராக் ஷூ (சங்கிலிப் பட்டையின் தகடு) மாற்றியிருந்தால் அகலம் மாறும். பூமை (மிஷினின் நீண்ட கை) எப்படி மடக்கினீர்கள் என்பதைப் பொறுத்து உயரம் மாறும். சமதளத்தில் நிறுத்தி, ஏர் சஸ்பென்ஷன் ஓட்ட உயரத்தில் இருக்கும்போது அளந்து பாருங்கள். பூமின் முழங்கை, கேபின் கூரை, புகைக்குழாய், ஆன்டெனா எல்லாவற்றையும் பார்த்து, எது உயரமோ அதைக் குறியுங்கள்.

இரண்டு அங்குலம்தானே என்று விடாதீர்கள். 2013 மே 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில், ஐ-5 சாலையின் ஸ்கேஜிட் ஆற்றுப் பாலத்தில் லாரிச் சரக்கு மேல் சட்டத்தில் இடித்து, பாலத்தின் ஒரு கண் ஆற்றில் விழுந்தது. பர்மிட்டில் இருந்த உயரம் 15 அடி 9 அங்குலம். சரக்கு 15 அடி 11 அங்குலம். பாலத்தின் மேல் சட்டம் வளைவானது, லாரி போன வலது லேனில் தாழ்வு; இடது லேனில் போயிருந்தால் தப்பியிருக்கும். பாலம் தாங்குமா, தட்டுமா என்று பர்மிட் பார்த்துக்கொள்ளும் என நம்ப முடியாது. வழியிலுள்ள பாலங்களை நீங்களே சரிபாருங்கள்.

3. எடைமேடை, விண்ணப்பம்
டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஏற்றி ஆக்சில் வாரியாக எடை எடுங்கள். டெக்சஸ் பர்மிட்டில் டேண்டமுக்கு (இரண்டு ஆக்சில் தொகுப்பு) அதிகபட்சம் 46,000 பவுண்டு, மூன்று ஆக்சில் தொகுப்புக்கு 60,000. ஒரு தொகுப்பில் எடை கூடினால், மிஷினை டெக்கில் முன்னே பின்னே நகர்த்தினால் சரியாகிவிடும்.

விண்ணப்பத்துக்கு யுஎஸ்டாட் எண் (லாரி கம்பெனிக்கு மத்திய போக்குவரத்துத் துறை தரும் எண்), வண்டிப் பதிவெண்கள், மிஷினின் மாடலும் சீரியல் எண்ணும், ஆக்சில் இடைவெளிகள், புறப்படும் இடம், சேரும் இடம் எல்லாம் கையில் இருக்கட்டும். கடைசி மாநிலத்தின் பர்மிட்டும் வந்த பிறகே கிளம்புங்கள். எல்லையில் காத்திருக்கும்போதே முதல் பர்மிட்டின் கெடு முடிந்துபோகலாம்.

4. செயின் கணக்கு
10,000 பவுண்டுக்கு மேற்பட்ட மிஷினுக்குக் குறைந்தது நான்கு கட்டுகள், ஒவ்வொன்றும் 5,000 பவுண்டு தாங்குதிறன் உள்ளதாக. 5/16 அங்குல கிரேடு 70 (செயின் எஃகின் வலிமைத் தரம்) செயினின் தாங்குதிறன் 4,700தான், எனவே அது வேண்டாம். 3/8 அங்குலம் 6,600 தாங்கும்.

நான்கு செயின் போட்டால் 26,400. தேவையான குறைந்தபட்சத்தை, அதாவது சரக்கின் பாதி எடையான 25,000-ஐத் தாண்டிவிட்டோம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. டிரெய்லர் கொக்கியிலிருந்து மிஷினுக்கு நேராகப் போகும் செயினுக்குப் பாதித் திறனே கணக்கில் சேரும், அதாவது 3,300. ஆக, இந்த மிஷினுக்கு எட்டு செயின் வேண்டும். 1/2 அங்குல கிரேடு 70 என்றால் (11,300) ஐந்து போதும். பைண்டரின் (செயினை இறுக்கும் கருவி) திறன் செயினைவிடக் குறைவாக இருந்தால், பைண்டரின் எண்தான் கணக்கு.

முன்செயின்கள் முன்னோக்கியும் பின்செயின்கள் பின்னோக்கியும் இழுக்கட்டும். ஹைட்ராலிக் குழாய் மேல் செயின் படக் கூடாது. பூமையும் பக்கெட்டையும் முழுக்க இறக்கி, அவற்றுக்குத் தனியாக ஒரு செயின் போடுங்கள். ட்ராக் டெக்கைவிட அகலமாக இருப்பதால், பக்கவாட்டு அவுட்ரிகரை (டெக்கை அகலப்படுத்தும் தாங்கிகள்) இழுத்துப் பலகை போட வேண்டும். ஏற்றும் முன் ட்ராக்கில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிவிடுங்கள். அதுவும் எடை, நெடுஞ்சாலையில் உதிர்ந்தால் பின்னால் வரும் காருக்கு ஆபத்து.

5. சாலையில்
முன்னும் பின்னும் ‘ஓவர்சைஸ் லோடு’ பேனர். நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளில் 18 அங்குலச் சதுரச் சிவப்புக் கொடி. இந்த அகலத்துக்குப் பல மாநிலங்களில் பைலட் கார் (முன்னோ பின்னோ துணைக்கு வரும் எச்சரிக்கைக் கார்) தேவைப்படாது. 12 அடியைத் தாண்டினால் கேட்கும் மாநிலங்கள் உண்டு. பகலில் மட்டும் ஓட்டம் என்பது பரவலான விதி: சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. ஹூஸ்டன், டாலஸ் போன்ற நகரங்களில் நெரிசல் நேரத் தடையும் இருக்கும்.

பர்மிட்டில் எழுதிய வழியைத் தவிர வேறு வழியில் போனால் பர்மிட் செல்லாது. ஜிபிஎஸ் காட்டும் குறுக்குவழியை நம்பாதீர்கள். சாலை அடைத்திருந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பர்மிட் அலுவலகத்தை அழைத்து வழியை மாற்றி வாங்குங்கள்.

முதல் 50 மைலுக்குள் ஒருமுறை செயின்களைப் பாருங்கள். அதற்குள் ட்ராக் கொஞ்சம் அமர்ந்து, இறுக்கிய பைண்டர் தளர்ந்திருக்கும். பிறகு 3 மணி நேரம் அல்லது 150 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது. டூட்டி நிலை மாறும்போதும் (ஓட்டத்திலிருந்து ஓய்வுக்குப் போவது போல) பாருங்கள்.