லீவு விண்ணப்பம் தானாக மேலாளருக்குப் போக ஒரு பவர் ஆட்டோமேட் ஃப்ளோ

எங்கள் அலுவலகத்தில் முன்பு லீவு கேட்பதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடுபவர் பழைய மெசேஜ்களைத் தோண்டிக்கொண்டிருப்பார். இப்போது மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ, அதாவது தானாக அடுத்தடுத்து நடக்கும் வேலைத் தொடர், அமைத்துவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை. அலுவலக மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு இருந்தால் நீங்களும் செய்யலாம்.

1. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் எந்தத் தேதி முதல், எதுவரை, காரணம் என்று மூன்று கேள்விகள். செட்டிங்ஸில் 'நிறுவனத்தில் உள்ளவர்கள் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரைப் பதிவுசெய்யும் வசதியையும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் மெயில் முகவரி வராது, பதில் அனுப்ப வழியில்லை.

2. பவர் ஆட்டோமேட்டில் ஆட்டோமேட்டட் கிளவுட் ஃப்ளோ. டிரிகர் (ஃப்ளோவைத் தொடங்கிவைப்பது): 'வென் எ நியூ ரெஸ்பான்ஸ் இஸ் சப்மிட்டட்'. இது ரெஸ்பான்ஸ் ஐடியை மட்டுமே தரும், பதில்களைத் தராது. அடுத்து 'கெட் ரெஸ்பான்ஸ் டீடெயில்ஸ்' சேர்த்து, அதே ஃபார்மை மறுபடி தேர்ந்தெடுத்து, அந்த ஐடியைக் கொடுங்கள்.

3. அடுத்து 'ஸ்டார்ட் அண்ட் வெயிட் ஃபார் அன் அப்ரூவல்': மேலாளரிடம் சம்மதம் கேட்டுக் காத்திருக்கும் படி. மேலாளர் அவுட்லுக் மெயிலிலோ டீம்ஸிலோ பட்டனை அழுத்தினால் போதும்.

4. கண்டிஷன்: சம்மதமா மறுப்பா என்று பார்த்து ஃப்ளோவை இரண்டு பக்கமாகப் பிரிக்கும் படி. இங்கேதான் நான் வெகுநேரம் திண்டாடினேன். அவுட்கம் (மேலாளரின் முடிவு) என்பதை 'அப்ரூவ்' (Approve) என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒப்பிட வேண்டும், முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக. 'அப்ரூவ்டு' (Approved) என்று எழுதினால் மேலாளர் சம்மதித்தாலும் ஃப்ளோ மறுப்புப் பக்கம் போய்விடும். ரன் ஹிஸ்டரியில் (ஃப்ளோ ஓடிய பதிவில்) எல்லாம் பச்சையாகவே இருக்கும், சிவப்பில் எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் ஒருமுறை சம்மதித்தும் ஒருமுறை மறுத்தும் சோதித்துவிட்டே ஊழியர்களுக்கு லிங்கைக் கொடுங்கள்.

5. இரண்டு பக்கமும் ஊழியருக்கு மெயில். சம்மதித்த பக்கத்தில் கூடுதலாக ஷேர்பாயின்ட் லிஸ்ட்டில் (மைக்ரோசாஃப்ட் 365-இன் ஆன்லைன் பட்டியல்) ஒரு வரி. எக்செல் வேண்டாம் என்பேன்: தகவலை டேபிளாக மாற்றினால்தான் ஃப்ளோவுக்குத் தெரியும், ஒருவர் ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் பூட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: நேரம் தவறாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஃப்ளோவில் வருவது யூடிசி (உலகப் பொது நேரம்), நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 8 மணிக்கு அனுப்பியது அதிகாலை 2.30 என்று பதிவாகும். 'கன்வர்ட் டைம் சோன்' சேர்த்தால் சரியாகும்.

இன்னொன்று: ஒரு ஃப்ளோ அதிகபட்சம் 30 நாள்தான் காத்திருக்கும். மேலாளர் கவனிக்காமல் விட்டால் ஊழியருக்கு எந்தப் பதிலும் போகாது. அப்ரூவல் செட்டிங்ஸில் டைம்அவுட்டை ஒரு வாரமாகக் குறைத்து, நேரம் கடந்தால் ஊழியருக்கும் மேலாளருக்கும் மெயில் போகும்படி 'ரன் ஆஃப்டர்' (முந்தைய படி எப்படி முடிந்தால் அடுத்தது ஓட வேண்டும் என்ற செட்டிங்) வழியாக ஒரு கிளை சேர்த்துவிடுங்கள்.