டெபியன் நிறுவும்போது வைஃபை வரவில்லையா? ஃபர்ம்வேரைக் கையாளும் முறை

அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், களக்காடு பக்கமெல்லாம் பல வீடுகளில் லேன் கேபிள் கிடையாது. போன் நெட்தான் எல்லாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தரும் இன்ஸ்டாலருக்கு வைஃபை தெரியவில்லை என்றால் பிள்ளைகள் அங்கேயே விட்டுவிட்டுப் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை.

வைஃபை சிப்புக்குள் ஓடுகிற சின்ன நிரல்தான் ஃபர்ம்வேர். சில சாதனங்களில் அது உள்ளேயே பதிந்திருக்கும். இன்டெல் வைஃபை போன்றவற்றில், கணினியைப் போடும் ஒவ்வொரு தடவையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான் அதை ஏற்றிவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் இதன் மூல நிரலைத் தருவதில்லை. அதனால் டெபியன் பல வருஷம் தன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் இவற்றைச் சேர்க்கவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' (கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்) என்ற தனிப் பிரிவாக இவை இன்ஸ்டாலரிலேயே வருகின்றன.

படி 1: பதிப்பைப் பாருங்கள். காலேஜ் சீனியர் கொடுத்த பென்டிரைவில் டெபியன் 11 இருந்தால் ஒதுக்கிவிட்டு, 12 அல்லது 13இன் நெட்இன்ஸ்ட் கோப்பை (மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் சிறிய இன்ஸ்டாலர்) இறக்கிப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். 1 ஜிபிகூட வராது.

படி 2: டேட்டா கேபிளில் ஆண்ட்ராய்டு போனை இணைத்து, போன் நெட்டைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள் ஆகாது. நெட்வொர்க் தேடும் கட்டத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வைஃபைக்கு ஃபர்ம்வேர் இல்லாவிட்டாலும் இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கும்.

படி 3: இன்ஸ்டாலரை ஓட விடுங்கள். தேவையான ஃபர்ம்வேரை அதுவே கண்டுபிடித்து நிறுவிவிடும். மூடிய ஃபர்ம்வேர் வேண்டாம் என்பவர்கள், இன்ஸ்டாலர் தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ஃபர்ம்வேர்=நெவர்' என்பதை ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி விடாமல் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். பழைய பயாஸ் கணினியில் 'இ'க்குப் பதில் டேப் விசை, சேர்த்தபின் என்டர்.

படி 4, பிராட்காம் வைஃபை உள்ள பழைய லேப்டாப்களுக்கு மட்டும். அவற்றில் சில சிப்களின் ஃபர்ம்வேரை விநியோகிக்க டெபியனுக்கு உரிமை இல்லை. அதனால் 12, 13இலும் அது இருக்காது. போன் நெட்டிலேயே டெபியனை நிறுவி முடியுங்கள். பிறகு டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்து சிப் எது என்று பாருங்கள். 'பி43' டிரைவரில் இயங்கும் சிப் என்றால், டெபியன் தொகுப்புகளின் 'கான்ட்ரிப்' பிரிவை இயக்கி 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' தொகுப்பை நிறுவுங்கள். அது இணையத்திலிருந்து கோப்பை எடுத்துப் பிரித்து வைத்துவிடும்.

படி 5: மென்பொருள் தொகுப்புகளைக் கையாளும் சினாப்டிக் செயலியில், ஆங்கிலத்தில் 'ஃபர்ம்வேர்' என்று ஒருமுறை, 'மைக்ரோகோட்' (பிராசசருக்கான ஃபர்ம்வேர்) என்று ஒருமுறை தேடி, எவை நிறுவப்பட்டிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். நம் கணினியில் எந்தப் பகுதி கட்டற்றது (மூல நிரலைப் பார்க்கவும் மாற்றவும் உரிமை உள்ளது), எது இல்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோகோடை மட்டும் நீக்காதீர்கள். பிராசசரின் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் அதில்தான் வருகின்றன.

கெர்னல் ஏற்றும் ஃபர்ம்வேரை மட்டும் மறுத்தால் சுதந்திரம் வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. சிப்பில் பதிந்தே வருவதும் மூடிய நிரல்தானே? வாங்கும்போதே பார்த்து வாங்குவதுதான் உருப்படியான வழி. ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபைக்குக் கட்டற்ற ஃபர்ம்வேரே இருக்கிறது. டெபியனின் முதன்மைப் பிரிவிலேயே கிடைக்கும். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு சிப் வைத்தும் விற்கிறார்கள். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக் கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சிப் எண்ணைக் கேட்டு உறுதிசெய்த பிறகு காசைக் கொடுங்கள்.