வானம் தோண்டும் முன்பே போர் போட்டுவிடுங்கள்

புது வீடு கட்டுவதாக இருந்தால், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே போர்வெல் வேலையை முடித்துவிடுங்கள். மனை காலியாக இருக்கும்போது போர் லாரி எந்த மூலைக்கும் போகும். சுவர் எழும்பிய பிறகு லாரி எங்கே நிற்க முடிகிறதோ அங்கேதான் போர். அதனால் செப்டிக் டேங்க் எங்கே வரும் என்று பிளானில் முதலில் முடிவு செய்து, அதற்கு எதிர் மூலையில் போர் பாயின்ட்டைக் குறியுங்கள்.

கட்டுமானத் தண்ணீரும் கையோடு கிடைத்துவிடும். பிபிசி (PPC, சாம்பல் போன்ற பொசோலானா கலந்த) சிமென்ட்டில் போட்ட கான்கிரீட்டுக்கு குறைந்தது 10 நாள், கடும் வெயிலில் 14 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும்; இதைத்தான் க்யூரிங் என்பார்கள். லாரித் தண்ணீரை நம்பியிருந்தால் முதலில் கை வைப்பது இதில்தான், அப்புறம் தளத்தில் வெடிப்பு விழும்.

ஆனால் போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்க்காமல் கலவைக்கு எடுக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது, பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 6-க்குக் குறையக் கூடாது. கடலோர மனையில் உப்புத் தண்ணீர் வந்தால் கம்பி துருப்பிடிக்கும். அங்கே கலவைக்கும் க்யூரிங்குக்கும் நல்ல தண்ணீர் வாங்குவதுதான் சரி.