கெல்டிக் வார்ப்புக் காசுகளை இனங்காணும் முறை

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், கோல் நாட்டிலும் (இன்றைய பிரான்சு) தென்கிழக்குப் பிரிட்டனிலும் வாழ்ந்த கெல்டிக் குடிகள், தங்கக் காசுகளை அச்சில் வைத்து அடித்ததோடு, வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தை உருக்கி வார்த்தும் காசுகள் செய்தனர். நாணயவியலார் இவற்றைப் பொட்டின் என்பர். அடித்துச் செய்த பழங்காசில் வார்ப்புத் தடயம் தென்பட்டால் அது போலி என்று ஐயுறுவது வழக்கம். பொட்டினிலோ அத்தடயம் இருந்தே ஆகவேண்டும். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் நல்ல காசுகளைக் கழித்துவிடுகிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது.

முதலில் விளிம்பைப் பாருங்கள். உருக்கிய உலோகம் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் பாயும்படி களிமண் அச்சில் சிறு வாய்க்கால்கள் அமைத்துக் காசுகளைச் சரமாக வார்த்து, ஆறியபின் தனித்தனியே பிரித்தார்கள். ஆகவே பெரும்பாலான காசுகளில் எதிரெதிரான இரு இடங்களில், வாய்க்காலில் உறைந்து பின் வெட்டிய அல்லது முறித்த உலோகத் தண்டின் அடிப்பகுதி எஞ்சியிருக்கும். அச்சின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாதபோது முன்பக்கமும் பின்பக்கமும் சற்று விலகி, விளிம்பில் ஒரு படி உண்டாகும். வெள்ளீயம் மிகுந்த கலவை நொறுங்கும் தன்மையுடையது; சுத்தியலால் அடித்தால் வெடித்துவிடும் என்பதால் வார்ப்பு அதற்கு ஏற்ற முறையாயிற்று.

அடுத்து உருவத்தைக் கவனியுங்கள். தொடக்ககாலப் பிரிட்டானியக் காசுகள், மசாலியா (இன்றைய மார்சேய்) நகரத்து வெண்கலக் காசின் அப்பொல்லோ தலையையும் பாயும் காளையையும் பின்பற்றின. நாளடைவில் தலை ஒரு வட்டமாகவும் காளை சில கோடுகளாகவும் சுருங்கின. கோல் நாட்டில் லியூக்கி குடியினரின் காசுகளில் காட்டுப்பன்றியையும், ரெமி குடியினருடையவற்றில் ஈட்டி ஏந்தி ஓடும் வீரனையும் காணலாம்.

போலிகளும் உண்டு. தண்டை முறிப்பது வார்ப்புக்குப் பின் நடக்கும் செயலாதலால், ஒவ்வொரு காசின் முறிவும் தனித்தனி வடிவில் இருக்கவேண்டும். இரு காசுகளில் காற்றுக் குமிழ்களின் தடங்களும் முறிவும் ஒரே மாதிரி அமைந்திருந்தால் அவற்றை வாங்க வேண்டாம். காசைத் துப்புரவு செய்யும்போது கம்பித் தூரிகையால் தேய்த்தால் விளிம்புத் தடயங்கள் அழிந்துபோகும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான மரக்குச்சியும் போதும்.

இங்கிலாந்தில் ஒரே இடத்தில் இத்தகைய காசுகள் பத்தோ அதற்கு மேலோ கிடைத்தால், அவை 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்கீழ் வரும். 14 நாள்களுக்குள் அப்பகுதியின் மரண விசாரணை அதிகாரிக்குத் (கொரோனர்) தெரிவிக்கவேண்டும். தனிக்காசாயினும், இரு பக்கங்களோடு விளிம்பையும் படமெடுத்து, எடையையும் கிடைத்த இடத்தையும் குறித்து, அப்பகுதியின் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் காட்டுங்கள்.