வி.ஆர். ஹெட்செட்டை மாற்றப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம். ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் திருப்பூருக்கு வேலைக்கு வரும் தம்பி ஒருவர், மதியச் சாப்பாடு முடிந்ததும் என் மேசைக்கு வந்து போனை நீட்டினார்.

"அண்ணா, இந்தக் குவெஸ்ட் 3எஸ் எடுத்தரலாமுங்களா? எங்கிட்ட இருக்கறது குவெஸ்ட் 2. எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுதுங்க."

குவெஸ்ட் என்பது மெட்டா நிறுவனத்தின் வி.ஆர். ஹெட்செட். தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணைச் சுற்றிலும் கேமும் படமும் விரியும். 3எஸ்-ஐக் கார்ட்டில் போட்டாயிற்று, பணம் கட்டுவதுதான் பாக்கி. போனஸில் பாதிக்கு மேல் அதற்கே போகும். "ஒரு நாள் பொறுங்க தம்பி" என்றேன். அவர் செய்ய இருந்ததுதான், ஹெட்செட்டை மாற்றுகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு. பழையதில் என்ன குறை என்று அவருக்குத் தெரியும். புதியது அந்தக் குறையைத் தீர்க்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. எண் 2-லிருந்து 3 ஆகிவிட்டதே, எல்லாமே மேலாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

குவெஸ்ட் 2 வந்தது 2020-இல். ஒரு கண்ணுக்கு 1832 x 1920 புள்ளிகள், உள்ளே ஃப்ரெனல் லென்ஸ். நடுவில் இருந்து வட்ட வட்டமாகக் கோடுகள் ஓடும் லென்ஸ் அது. நேராகப் பார்க்கும்போது தெளிவாக இருக்கும். கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனால் மங்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் ஒளி சிதறும். 2023 அக்டோபரில் 499 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064 x 2208 புள்ளிகள். லென்ஸும் பான்கேக் வகைக்கு மாறியது. ஓரம் வரைக்கும் எழுத்து படிக்க வரும். 2024 அக்டோபரில் 299 டாலருக்கு வந்ததுதான் 3எஸ். சிப் குவெஸ்ட் 3-இல் உள்ள அதே சிப். ஆனால் விலையைக் குறைப்பதற்காகத் திரையையும் லென்ஸையும் பழைய வகையிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு கண்ணுக்கு அதே 1832 x 1920, அதே ஃப்ரெனல்.

முதல்முறையாக வாங்குகிறவருக்கு 3எஸ் அருமையான பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேம் வேகமாக ஓடும். ஹெட்செட்டைக் கழற்றாமலே சுற்றியிருக்கும் அறையைக் கலரில் பார்க்கலாம். குவெஸ்ட் 2-இல் அது கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். ஆனால் "எழுத்து மங்கல்" என்று புலம்புகிறவர் குவெஸ்ட் 2-ஐக் கொடுத்துவிட்டு 3எஸ் வாங்கினால், அந்த மங்கல் அப்படியேதான் இருக்கும்.

கண் அளவு

மங்கலுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று தோன்றியது. பேட்டர்ன் மேசையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொல்லி, புருவத்துக்குக் கீழே ஸ்கேலைப் பிடித்து, இடது கருவிழியின் நடுவிலிருந்து வலது கருவிழியின் நடு வரைக்கும் அளந்தேன். அறுபத்தைந்தரை மில்லிமீட்டர். கை ஆடியிருக்குமோ என்று இன்னொரு முறை அளந்தேன், அதே அளவுதான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். கண்ணாடிக் கடையில் பி.டி. எவ்வளவு என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

குவெஸ்ட் 2-இல் இரண்டு லென்ஸுக்கும் இடையிலான தூரம் மூன்று இடங்களில்தான் நிற்கும்: 58, 63, 68 மில்லிமீட்டர். தம்பியின் கண்கள் 63-க்கும் 68-க்கும் சரியாக நடுவில் விழுகின்றன. எதில் வைத்தாலும் இரண்டரை மில்லிமீட்டர் தள்ளியே இருக்கும். ஃப்ரெனல் லென்ஸில் தெளிவான இடம் நடுவில் மட்டும்தான் என்பதால் கண் கொஞ்சம் விலகினாலும் தெரிந்துவிடும். அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறதா என்று கேட்டேன். "ஆமாங்கண்ணா, அது கேம்னால வர்றதுன்னு நெனச்சேன்" என்றார். 3எஸ்-இலும் அதே மூன்று இடங்கள்தான். குவெஸ்ட் 3-இல் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. திருப்பத் திருப்ப லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

ஆக, அவருக்குக் குவெஸ்ட் 3 வாங்க உண்மையான காரணம் இருக்கிறது, 3எஸ் வாங்கக் காரணம் இல்லை. இது அந்த மேசைப்பக்கம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எந்த ஹெட்செட்டாக இருந்தாலும் முதலில் கண்ணை அளந்துகொள்ளுங்கள். வீட்டில் நாலு பேர் போடப்போகிறீர்கள் என்றால் நாலு பேருக்கும் அளக்க வேண்டும். கணவனுக்குப் பொருந்துவது மனைவிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

எடையும் பட்டையும்

விலை கூடக் கூட எடை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குவெஸ்ட் 2 503 கிராம், குவெஸ்ட் 3 515 கிராம். 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு, அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய்க்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ 600 கிராமுக்கு மேல். அதன் பேட்டரி தனியாக 353 கிராம், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குவெஸ்ட் 3-இன் முன்பகுதி மெலிந்திருப்பதால் மூக்கின் மேல் அழுத்தம் கொஞ்சம் குறையும். ஆனால் பெட்டியோடு வருகிற துணிப் பட்டை குவெஸ்ட் 2, 3 இரண்டிலும் மோசம்தான். முன்னால் அரைக் கிலோ தொங்க, பின்னால் ஒரு துணி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் கழுத்து எவ்வளவு நேரம் தாங்கும்? தலையின் பின்பக்கத்தை நன்றாகப் பிடிக்கிற, திருகி இறுக்குகிற கெட்டியான ஸ்ட்ராப் ஒன்றைத் தனியாக வாங்கிப் பழைய ஹெட்செட்டிலேயே மாட்டிப் பாருங்கள். சில ஆயிரங்களில் முடிந்துவிடும். "போட்டா கன்னம் வலிக்குதுங்க" என்பதுதான் உங்கள் குறை என்றால், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

வேர்வையும் அப்படித்தான். சித்திரை வெயிலில் மாடி அறையில் ஆடினால் நுரைப் பஞ்சு ஊறி நாற்றம் எடுக்கும். சிலிகோன் உறை போட்டுத் துடைத்து வைத்தால் போதும். இதற்காக யாரும் புது ஹெட்செட் வாங்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரோடு இணைத்து ஆடுகிறவர்கள்

இவர்கள் செய்கிற தவறு வேறு மாதிரி. பிம்பம் விட்டு விட்டு வருகிறது, ஹெட்செட் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குவார்கள். குவெஸ்ட் 2-லிருந்து 3-க்குப் போனால் ஒரு கண்ணுக்கான புள்ளிகள் 35 லட்சத்திலிருந்து 45 லட்சத்துக்கு ஏறுகின்றன. அந்த அளவில் படத்தைக் காட்ட வேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் சுமை. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த லேப்டாப் இன்னும் திணறும்.

ஒயர் இல்லாமல் ஆடும்போது வரும் தடங்கல்களுக்குப் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். ரவுட்டர் கீழே ஆசாரத்தில், கம்ப்யூட்டர் மாடியில், நடுவில் கான்கிரீட் தளம் என்று இருந்தால் எந்த ஹெட்செட்டும் உதவாது. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் ஒயர் இழுங்கள். விளையாடுகிற அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உள்ள ரவுட்டர் இருக்கட்டும். என் மச்சான் வீட்டில் இதை மட்டும் செய்தோம். அன்று சாயங்காலமே விட்டு விட்டு வந்தது நின்றுவிட்டது.

தலைசுற்றலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த இடத்தில் இருக்கும்போது கண் மட்டும் "நடக்கிறோம்" என்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "இல்லையே" என்று சொல்வதால் வருகிற தொந்தரவு அது. பிம்பம் சீராக ஓடினால் கொஞ்சம் குறையும். விலை கூடிய ஹெட்செட் வாங்கிவிட்டால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகப் பழக்குவதுதான் வழி.

செகண்ட் ஹேண்ட் பொறி

எனக்கு மனது மிகவும் வலிக்கிற இடம் இது. காசைச் சேர்த்து வைத்து வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஹெச்.பி. ரிவர்ப் ஜி2 என்று ஒரு ஹெட்செட், 2020-இல் வந்தது, ஒரு கண்ணுக்கு 2160 x 2160 புள்ளிகள். எண்ணை மட்டும் பார்த்தால் குவெஸ்ட் 3-ஐயே ஓரம்கட்டும். ஆனால் அது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளை நம்பி ஓடுவது. அந்த மென்பொருளை நிறுத்தப்போவதாக 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டில் எடுத்தும்விட்டது. திரை நன்றாக இருக்கிறது, லென்ஸ் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லாத பொருளை "புதுசு மாதிரி இருக்குதுங்க" என்று யாராவது விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பிளேஸ்டேஷனில் இருப்பவர்களுக்கு ஒன்று: பிளேஸ்டேஷனோடு இணைக்கும் பழைய வி.ஆர். ஹெட்செட்டான பி.எஸ்.வி.ஆருக்காக வாங்கிய கேம்கள் பி.எஸ்.வி.ஆர்.2-இல் அப்படியே ஓடாது. கேமை உருவாக்கியவர்கள் தனியாகப் புதுப் பதிப்பு கொடுத்திருந்தால்தான் உண்டு. கையில் இருக்கும் கேம்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுப்பதோ, இங்கே சிறு கடைகளில் இம்போர்ட் என்று விற்பதோ விலை குறைவாகத்தான் இருக்கும். ரிப்பேர் என்றால் யாரிடம் போவது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கண்ட்ரோலர் ஒன்று கெட்டுப்போனாலே ஆட்டம் நின்றுவிடும்.

வெயில்

இது என் வீட்டில் நடந்தது. ஒரு காலை நேரம், ஹெட்செட்டை லென்ஸ் மேலே பார்க்க ஆசாரத்துத் திண்டில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் நகர்ந்து வந்து அதன்மேல் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து மாட்டினால் வலது கண்ணில் கடுகளவு மஞ்சள் புள்ளி. எந்தப் படம் போட்டாலும் அந்த இடத்தில் அது நிற்கிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துத் தாளைப் பொசுக்குவோமே, அதே வேலையைத்தான் லென்ஸ் செய்திருக்கிறது. தாளுக்குப் பதிலாகத் திரை. ஒரு நிமிடம் கூட வேண்டியதில்லை. புதிதாக வாங்கினாலும் பழையதை வைத்துக்கொண்டாலும் லென்ஸ் மேல் ஒரு துணியைப் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். மொட்டை மாடியில் போட்டு ஆடவே வேண்டாம்.

அப்படியானால் யார் மாற்றலாம்?

ஹெட்செட்டுக்குள் சினிமா பார்க்கிறவர், எழுத்து படிக்கிறவர், கம்ப்யூட்டர் திரையைப் பெரிதாக விரித்து வேலை செய்கிறவர் என்றால், குவெஸ்ட் 2-லிருந்து 3-க்குப் போவது கொடுத்த காசுக்குத் தகும். கண் அளவு மூன்று இடங்களிலும் பொருந்தாதவருக்கும் தகும். புதிய கேம்களை ஆட ஆசைப்படுகிறவருக்கும் வேறு வழியில்லை: 2024-இல் வந்த பேட்மேன் ஆர்க்கம் ஷேடோ குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டில்தான் ஓடும், 2-இல் ஓடாது. குவெஸ்ட் 3 வைத்திருப்பவர் 3 லட்சம் ரூபாய் விஷன் புரோவுக்குத் தாவுவதற்கு, அதை வைத்துத் தினமும் செய்கிற வேலை ஒன்று இருக்க வேண்டும். சும்மா பார்த்து வியக்க அந்தப் பணம் ரொம்ப அதிகம்.

அலமாரியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் சார்ஜ் இல்லாமல் கிடந்தால், மாதக்கணக்கில் நீங்கள் அதைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் புதியது வாங்கினாலும் அதே அலமாரிக்குத்தான் போகும்.

ஊத்துக்குளித் தம்பி கார்ட்டிலிருந்து 3எஸ்-ஐ எடுத்துவிட்டார். பொங்கல் வரைக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குவெஸ்ட் 3 வாங்குவதாக இருக்கிறார். குவெஸ்ட் 2-ஐ விற்று அந்தப் பணத்தையும் போடப்போகிறார். விற்பதற்கு முன் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். கண்ட்ரோலர்களின் பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். லென்ஸில் கீறல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாங்குகிறவரின் கண்ணையும் ஸ்கேல் வைத்து அளந்து, அவருக்கு 63 வருகிறதா, 58 வருகிறதா என்று பார்த்துச் சொல்லிக் கொடுங்கள்.